பொருள்: 10 எம்பிபிஎஸ் வேலை செய்யும் என்று சொல்லி விற்ற நெட்வொர்க் ஸ்விட்ச், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களுடைய எட்டு போர்ட் 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் உங்கள் விற்பனைப் பிரிவிடம் சாட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பழைய 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) வேகக் கருவிகளை இதில் இணைக்கலாமா? "எல்லா ஈதர்நெட் கருவியும் வேலை செய்யும் சார்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

என்னிடம் இருப்பவை சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 2, டெக் வாக்ஸ்ஸ்டேஷன் 3100, எஸ்ஜிஐ இண்டிகோ என்ற பழைய வொர்க்ஸ்டேஷன் கணினிகள். மூன்றும் மூன்று ரகம், இயங்குதளமும் வேறு வேறு: ஒன்றில் சன்ஓஎஸ், ஒன்றில் விஎம்எஸ், ஒன்றில் ஐரிக்ஸ். நினைவகத்தில் பைட்டுகளை அடுக்கும் வரிசைகூட வாக்ஸுக்கு ஒரு மாதிரி, மற்ற இரண்டுக்கும் நேரெதிர். அப்படியிருந்தும் சன்னில் இருக்கும் கோப்பை இண்டிகோ என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாகத் திறந்துவிடும், வாக்ஸ் அதையே எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் எடுத்துக்கொள்ளும். ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த கம்பெனிகளின் இயந்திரங்கள் ஒரே கம்பியில் இப்படிப் பேசிக்கொள்வதைப் பார்க்கத்தான் இவற்றை வைத்துப் பராமரிக்கிறேன்.

என் பக்கத்து வேலையை நான் முடித்துவிட்டேன். சன்னில் பேட்டரி செத்து ஈதர்நெட் முகவரி அழிந்திருந்தது, 08:00:20 என்று தொடங்கும் முகவரியைக் கையாலேயே திரும்ப ஏற்றினேன். சன்ஓஎஸ், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரியின் கடைசியில் 255-க்குப் பதில் பூஜ்யம் வைக்கும், அதையும் மாற்றினேன். பின்பக்கத்து 15 பின் ஏயூஐ என்ற பழைய ஈதர்நெட் சாக்கெட்டில், அதை இன்றைய கேபிளோடு இணைக்கும் டிரான்ஸீவரை மாட்டி, தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டி, கேபிளை உங்கள் ஸ்விட்ச்சில் செருகினால் டிரான்ஸீவரின் பச்சை விளக்கு எரியவே இல்லை. எட்டு போர்ட்டிலும் பார்த்தேன், மூன்று இயந்திரத்திலும் பார்த்தேன். அப்புறம் பழைய 10/100 ஸ்விட்ச் ஒன்றை நடுவில் வைத்தேன், அந்த நொடியே மூன்று விளக்கும் எரிந்தன.

உங்களுக்கு எழுதினால் முதலில் கேபிளை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். அடுத்து டிரைவரை அப்டேட் செய்யச் சொன்னீர்கள். லிங்க்கே வராத இடத்தில் டிரைவர் என்ன செய்யும்? இந்தக் கருவிகளுக்கு வேகத்தைப் பேசி முடிவுசெய்யத் தெரியாது, 10 எம்பிபிஎஸ் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்புவது) ஒன்றுதான் தெரியும், ஸ்விட்ச்தான் அதைக் கண்டுகொண்டு இறங்கி வர வேண்டும். உங்கள் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்காது என்பதை உங்களுடைய பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன். பெட்டியில் அது இல்லை, விற்பனைப் பக்கத்திலும் இல்லை.

மூன்றாவது பதிலில் "உங்கள் கருவிகள் காலாவதியானவை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. 10 எம்பிபிஎஸ் மட்டுமே தெரிந்த பிரிண்டரும் ஆய்வகக் கருவியும் இன்னும் எத்தனையோ இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை நம்பி வாங்குவார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே திருப்பித் தரும் 10 நாள் கெடுவும் போய்விட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு. கூரியர் செலவோடு முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். இந்த மாடலில் 10 எம்பிபிஎஸ் இல்லை என்பதைப் பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் கண்ணில் படுகிற மாதிரி போட வேண்டும்.

பில், சாட்டின் ஸ்கிரீன்ஷாட், விளக்கு எரியாததைக் காட்டும் வீடியோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஸ்விட்ச்சைப் பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன், எடுத்துப்போக ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்