கயலுக்கு, தோட்டா வாங்கும் முன்

அன்பு மகள் கயலுக்கு,

"எந்தத் தோட்டா வாங்கட்டும்ப்பா?" என்று போனில் கேட்டாய். கடைக்காரர் காட்டுவதில் விலை கூடினதை எடுத்துக்கொள் என்று சொல்லி முடித்துவிட மனசு வரவில்லை. மாட்டுக்குப் பிரசவம் பார்க்க, அகால நேரத்தில் டெக்சாஸ் பண்ணைச் சாலைகளில் தனியாக வண்டி ஓட்டுகிற பிள்ளை நீ. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

உன் சிக் பி365 கைத்துப்பாக்கியின் குழல் 3.1 அங்குலம்தான். தோட்டாப் பெட்டிமேல் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் அதைவிட நீளமான குழலில் அளந்தது. குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறையும். ஹாலோ பாயிண்ட் குண்டின் முனையில் குழி இருப்பதே, பட்டதும் விரிந்து உள்ளேயே நிற்கத்தான். அதற்கு வேகம் வேண்டும். வேகம் போதாமல், தடித்த துணியும் குழியை அடைத்துக்கொண்டால், விரியாமல் மறுபக்கம் துளைத்துப் போய்விடும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்களோ! முழு உறை போட்ட சாதாரணக் குண்டிலும் இதே ஆபத்து உண்டு. அது சுடும் பயிற்சித் திடலில் பழக மட்டும் போதும்.

சீக்கிரம் விரிந்து ஆழமே போகாத குண்டும் ஆகாது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு கொள்ளையரை மடக்கினார்கள். ஒருவன்மேல் பாய்ந்த 9 மி.மீ. குண்டு கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டு இரண்டு அதிகாரிகளைக் கொன்றான். அதற்குப் பிறகுதான், சதைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை இறங்க வேண்டும் என்ற அளவு வந்தது. துணி மூடிய ஜெலட்டினில், உன்னுடையதைப் போன்ற குட்டைக் குழலில் சுட்டு, அந்த அளவைத் தொட்ட தோட்டாவாகப் பார்.

என்னைக் கேட்டால் ஃபெடரல் கம்பெனியின் எச்எஸ்டி தோட்டாவில், குண்டு 124 கிரெயின் எடை உள்ளதில் தொடங்கு. ஸ்பியர் கம்பெனியின் கோல்டு டாட்டில் குட்டைக் குழலுக்கென்றே ஒன்று உண்டு. ஆனால் அது ப்ளஸ் பி, அழுத்தம் கூடுதல். சின்னத் துப்பாக்கியில் அது நன்றாக உதைக்கும். இரண்டாவது குண்டைக் குறி பிசகாமல் சுட முடியாவிட்டால் அந்த வேகத்தால் என்ன லாபம்?

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது, உன் துப்பாக்கி அதைத் தடையில்லாமல் விழுங்குகிறதா என்பதைத்தான். வாய் அகன்ற குண்டு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து ஏறும்போது, சுடுவதற்குத் தோட்டா உட்காரும் சேம்பரின் வாசலில் முட்டிக்கொள்வது உண்டு. ஒரு பெட்டியில் பெரும்பாலும் 20 தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு மேல். கணக்குப் பார்க்காதே. நாலைந்து பெட்டி வாங்கி, உன் மேகசின்கள் எல்லாவற்றிலும் போட்டு, ஒரு கையாலும் சுட்டுப் பார். ஒரு தடவை சிக்கினாலும் காரணம் தெரியும்வரை அதை நம்பாதே. பணம் நான் அனுப்புகிறேன்.

இன்னொன்று. தினமும் இறக்கி ஏற்றும்போது அதே தோட்டாவையே சேம்பரில் போடாதே. ஒவ்வொரு முறையும் முட்டி முட்டி, குண்டு தோட்டாவின் மருந்துக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சுடும்போது அழுத்தம் எகிறும். பெட்டியிலிருந்து எடுத்த புதுசு ஒன்றை மேசையில் பக்கத்தில் நிறுத்திப் பார். மட்டம் குறைந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடு, சுடாதே.

அக்கா பிள்ளைகள் வரும்போது துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி, சாவியை உன்னிடமே வைத்துக்கொள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் சிக்கும்படி விட்டால் டெக்சாஸில் அது குற்றம்.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போகும்போது துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். டெக்சாஸ் லைசென்ஸ் அங்கே செல்லாது, ஹாலோ பாயிண்டை வெளியே எடுத்துப் போவதற்கும் அங்கே கெடுபிடி உண்டு. காரின் முன் அறைப் பெட்டியிலும் ஒரு தோட்டா கிடக்காமல் பார்த்துவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
அப்பா