மொய் நோட்டு உண்டு, நகைப் பட்டியல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்து வழக்குகள் குறித்த தங்கள் கட்டுரை ஜீவனாம்சத்தோடு நின்றுவிட்டது. அதைவிடக் கசப்பான சண்டை நகையைப் பற்றியது.

கோபி வட்டாரக் கல்யாணங்களில் மொய் எழுத என்னை உட்கார வைப்பதுண்டு. ஊர், பெயர், தொகை என்று நூற்றியொரு ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிறோம். பெண்ணுக்குப் போட்ட ஐம்பது பவுனுக்கு ஒரு வரி கிடையாது. பிறகு அந்த நகை ஆழ்துளைக் கிணற்றுக்கும் தறிக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் அடகுக்குப் போகிறது. சீட்டு மாமனார் பெயரில் இருக்கிறது. குடும்பநல நீதிமன்றத்தில் "எத்தனை பவுன், யார் கையில் கொடுத்தாய்?" என்று கேட்டால் அந்தப் பெண் கல்யாண ஆல்பத்தைத்தான் காட்ட வேண்டும்.

இதற்கு 1985லேயே மத்திய அரசின் விதி இருக்கிறது. அன்பளிப்புப் பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர், அவர் என்ன உறவு என்று எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடமே இருக்கும். "எழுதினால் வரதட்சணை வழக்கில் மாட்டிக்கொள்வோம்" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கேட்காமல் கொடுத்த சீருக்கு 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் விலக்களிப்பதே அது பட்டியலில் ஏறியிருந்தால்தான். கேட்டு வாங்கியதை எந்தப் பட்டியலும் காப்பாற்றாது. பயத்தின் வேர் அங்கேதானோ என்னவோ!

கேரளத்தில் 2003இல் மணமான ஒரு பெண்ணின் 89 பவுன் வழக்கைப் பாருங்கள். 2011இல் குடும்பநல நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நிரூபிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2024இல்தான் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சீதனம் மனைவியின் தனிச்சொத்து, நெருக்கடியில் கணவன் எடுத்தாலும் திருப்பித் தரும் தார்மீகக் கடமை உண்டு என்றும் சொன்னது. எழுத்தில் ஒன்று இருந்திருந்தால் இத்தனை ஆண்டு அலைந்திருப்பாரா?

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதிவுக்கு வரும்போது இந்தப் பட்டியலின் நகலையும் கேட்டு வாங்க அரசு உத்தரவிடலாம். அதுவரை, மொய் எழுதும் மேசையிலேயே இன்னொரு நோட்டைத் திறக்கலாம். வரும் தை முகூர்த்தத்தில் நான் கேட்டுப் பார்க்கப் போகிறேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருடைய பெரியப்பாக்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.