ஆறு சாண் கொம்பும் இரண்டு பக்க அறிக்கையும்

அன்புள்ள சேகர்,

கல்யாணத்துக்கு வராததற்காக என்னைத் திட்டி நீ எழுதிய கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. திட்டு முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று ராஜு சொன்னான். எனக்கு முட்டி வலி, என் வீட்டுக்காரிக்கு அந்த முட்டி வலியைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி. மற்றபடி சௌக்கியம். மணி ஃபோன் செய்தால் எடு, ஆனால் பணம் மட்டும் கொடுத்துவிடாதே.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் முதலாளிப் பெரியவர். அவருடைய வேட்டைப் பைத்தியம் உனக்குத் தெரியும். நமீபியாவுக்கு இரண்டு முறை போய் வந்தார். அங்கே சுட்ட கூடு என்ற ஆப்பிரிக்க மானின் தலையைப் பாடம் செய்து என் மேஜைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். நான் கணக்கில் தப்பு செய்தால் அதுதான் முதலில் பார்க்கும்போல, அப்படி ஒரு பார்வை. போன மாதம் கூப்பிட்டு, "நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் எல்லோரும் போகிறார்கள். நான் தஜிகிஸ்தான் போகலாம் என்று பார்க்கிறேன். சரிப்படுமா என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடு" என்றார். கஞ்சன் எழுதினால்தான் நம்பலாமாம். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு, அதுவும் இப்படி.

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கம் தானாகவே வந்துவிட்டது. அவர் கேட்கும் மிருகம் மார்க்கோ போலோ ஆடு. அங்குள்ள கிர்கிஸ்காரர்கள் அர்கர் என்கிறார்கள். அது இருப்பது பாமீர் பீடபூமியில். தலைநகர் துஷான்பேயில் இறங்கி, கோரோக் வழியாக முர்காப் போய்ச் சேர ஜீப்பில் இரண்டு நாள். முர்காப் ஊரே 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேட்டை முகாம்கள் அதற்கும் மேலே. வடக்கே கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து வருவது குறுக்கு வழி, ஆனால் எல்லைத் தகராறில் அந்தப் பாதை சில வருடம் அடைபட்டுக் கிடந்தது. 2025 மார்ச்சில்தான் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அந்தப் பக்கமாக வந்தால் 4,655 மீட்டரில் அக்பைத்தால் கணவாய் ஏறவேண்டும். அக்பைத்தால் என்றால் வெள்ளைக் குதிரை. பெரியவர் அந்தப் பெயருக்காகவே அந்த வழியைப் பிடிப்பார், பார்.

இதோடு முர்காப் இருக்கும் மலை பதக்‌ஷான் மாகாணத்துக்குள் நுழைய வெளிநாட்டவருக்குத் தனி பெர்மிட் வேண்டும். நாட்டின் நிலத்தில் கிட்டத்தட்ட பாதி அந்த மாகாணம், மக்கள்தொகையிலோ நூற்றுக்கு மூன்று பேர். 2022-இல் கோரோக்கிலும் ருஷானிலும் பெரிய கலவரம் நடந்தது. வேட்டைக்குப் போவது குளிர்காலத்தில், பாதரசம் மைனஸ் 30-க்குக் கீழே போகும் ஊரில். செலவு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் டாலரை ஒட்டி வரும். நமீபியாவில் அந்தப் பணத்துக்கு நாலு மிருகத்தைச் சுட்டுவிட்டு மிச்சத்துக்கு மேஜை நாற்காலி வாங்கலாம் என்று எழுதினேன். நல்ல வரி என்று நினைத்தேன், பிறகு அடித்துவிட்டேன்.

இரண்டாவது பக்கத்தில் சிக்கிக்கொண்டேன், சேகர். இந்த ஆட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அங்கேதான். மார்க்கோ போலோ 1270-களில் அந்த வழியாகப் போனவர், கொம்பு ஆறு சாண் நீளம், இடையர்கள் அதில் கிண்ணம் செய்கிறார்கள், மந்தைக்கு வேலியும் போடுகிறார்கள் என்று எழுதி வைத்தார். வெளியே எல்லோரும் கதை என்று நினைத்தார்கள். 1838-இல் ஜான் உட் என்ற கடற்படை அதிகாரி ஆமு தரியா ஆற்றின் மூலத்தைத் தேடிப்போய், கொம்புகளோடு திரும்பினார். அப்புறம்தான் விலங்கியல்காரர்கள் அதற்கு போலோவின் பெயரையே வைத்தார்கள். கிடா நூறு கிலோவைத் தாண்டும். கொம்பு சுருண்டு வெளிப்பக்கம் விரியும். மரமே இல்லாத மலை, அதன் கண்ணோ பயங்கரக் கூர்மை. அதனால் முந்நூறு, நானூறு மீட்டரிலிருந்து சுடுவது அங்கே சாதாரணம். பழைய ரஷ்ய ஜீப்பில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய், பைனாகுலரில் தேடி, கடைசி ஏற்றத்தை மட்டும் நடப்பார்களாம். அந்த 'மட்டும்'தான் ஆளைக் கொல்கிறது. பத்தடி எடுத்து வைத்தால் மூச்சு நின்றுவிடும் உயரம்.

சரி, அதெல்லாம் பெரியவர் பாடு. என்னைத் தூங்கவிடாதது வேறு. சோவியத் யூனியன் உடைந்ததும் முர்காப்புக்கு வந்துகொண்டிருந்த நிலக்கரி, மாவு, சம்பளம் எல்லாம் நின்றுபோனது. 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் வேறு. ஜனங்கள் அடுப்பெரிக்கத் தெரெஸ்கென் என்ற செடியை வேரோடு பிடுங்கினார்கள், சட்டிக்கு அர்கரைச் சுட்டார்கள். குழந்தைக்குப் போட ஒன்றும் இல்லாதபோது நீயும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆடு குறைந்தால் பனிச்சிறுத்தைக்கும் தீனி இல்லை. பிறகு வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் பணம் வந்தது. அலிசூர் பக்கத்தில் ஊர்க்காரர்களே புர்குத் என்று ஒரு காப்பகம் வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரங்களில் ஒருகாலத்தில் திருட்டுத்தனமாகச் சுட்டவர்களில் சிலர் இன்றைக்குக் காவல் சுற்றுகிறார்கள். நாட்டின் தென்மேற்கே திருகுக் கொம்பு மார்க்கோர் ஆட்டுக்கும் இதே கதை. பரம்பரை வேட்டைக்காரக் குடும்பங்களே காட்டை எடுத்துக் காத்தார்கள். ஒரு கிடாவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் தர ஆள் இருக்கிறது. அழியும் அபாயத்தில் இருப்பவற்றின் பட்டியலில் மார்க்கோரை 2015-இல் இரண்டு படி தள்ளி, அபாயம் குறைந்த இடத்தில் வைத்தார்கள். பாகிஸ்தானிலும் இதே மாதிரி காவலால் பெருகியதும் அதற்கு ஒரு காரணம்.

கணக்குப்பிள்ளையாக யோசித்தால் இது புரிகிறது. உயிரோடிருக்கும் ஆட்டுக்கு ஒரு விலை வந்துவிட்டது, அதனால் காவலுக்கு ஆள் வந்தது. ஆனால் அதே கணக்குப்பிள்ளைதான் அடுத்த கேள்வியையும் கேட்கிறான்: பணம் யார் பையில் விழுகிறது? பாமீரில் பெரிய வேட்டை நிலங்கள் பலவும் தனியார் குத்தகையில். அங்கே கட்டும் நாற்பதாயிரத்தில் முர்காப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வரும்? இரண்டு இடத்துக்குக் கடிதம் போட்டேன். ஒருவர் கொம்பு நீளம், போக வர வண்டி, மூன்று வேளைச் சாப்பாடு என்று வரிவரியாக எழுதினார், என் கேள்வியை மட்டும் தாண்டிவிட்டார். இன்னொருவர் பதிலே போடவில்லை. எனவே இரண்டாவது பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்: போவதானால் ஊர்க்காரர்கள் நடத்தும் காப்பகத்துக்குப் போங்கள், ரசீது கேளுங்கள், வயதான கிடாவைத் தவிர வேறெதையும் சுடாதீர்கள், குளம்படி தெரியாத தூரத்தில் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். வேண்டாம் என்று மட்டும் எழுத வரவில்லை.

நான் இப்படி எழுதுவேன் என்று நீ நம்பமாட்டாய். அந்த முயல் விஷயத்துக்குப் பிறகு நான் கவட்டையைக்கூடத் தொட்டதில்லை. அதன் கண் இன்னும் ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும், நீதான் அன்றைக்கு அதைப் புதைத்தாய். நான் எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டேன். இதை இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், சிரிக்காதே.

பெரியவர் அறிக்கையை நின்றபடியே படித்தார். "சரி, ஊர்க்காரர்கள் இடத்துக்கே போவோம். ரசீதை நீயே வந்து வாங்கு" என்றார். முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். நேற்று என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அதனால் டாக்டராக எனக்குப் பதில் எழுது, நண்பனாக அப்புறம் திட்டலாம். அவருக்கு அறுபத்து நாலு, பிரஷர் மாத்திரை தினம் இரண்டு. எனக்கு முட்டியைத் தவிர ஒன்றுமில்லை, ஆனால் மாடிப்படி ஏறினாலே வாய் திறந்துகொள்கிறது. மலை உயரத்தில் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை எத்தனை நாள் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்? அவருடைய மாத்திரையோடு சேருமா? முர்காப்பில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு பழகிவிடுமா, இல்லை அதற்கு முன்னாலேயே கோரோக்கில் நிற்க வேண்டுமா? தபாலில் வரட்டும், ஃபோனில் சொன்னால் இவள் காதில் விழுந்துவிடும்.

உன்,
கோபு