படிப்பக சர்வரைக் கண்டம் செய்யாமல், ஒரு ஷெல் ஸ்கிரிப்டைத் திருத்த உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
படிப்பகத்துக்கு வரும் மாணவி ஒருத்தியின் தந்தை,
கொருக்குப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
உயர்திரு பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கணினிப் படிப்பகங்கள், சென்னை.

பொருள்: தொடங்க மறுக்கும் சர்வீஸைச் சரிசெய்து, எங்கள் பகுதி படிப்பகக் கணினிகளை மீண்டும் இயக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் படிப்பகத்தில் உள்ள 12 கணினிகளும் 19 நாட்களாகச் சும்மா கிடக்கின்றன. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள். காசிமேட்டில் விடிவதற்குள் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் இங்கே உண்டு. பிரவுசிங் சென்டருக்கு மணிக்கணக்கில் பணம் கட்ட அவர்களால் முடியாது. என் மகளாவது வீட்டில் என் லேப்டாப்பில் சமாளிக்கிறாள்.

சர்வர் பழசாகிவிட்டது, கண்டம் செய்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அந்தக் கோப்பில் தாங்கள் கையெழுத்திடும் முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சர்வர் நன்றாக இருக்கிறது ஐயா. நான் 15 வருடமாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன்.

மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. காலையில் வந்ததும் சர்வர் எழுந்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் எண்ணைப் போட்டு உள்ளே நுழைய உதவும் சர்வீஸ் மட்டும் எழவில்லை. படிப்பகப் பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் இருக்க, எதையும் மாற்றாமல் திரையில் வந்ததை மட்டும் படித்துப் பார்த்தேன். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் அந்த சர்வீஸைத் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்த்திருக்கிறது. பத்து விநாடிக்குள் ஐந்து முறை தோற்றதும் அதோடு நிறுத்திக்கொண்டது. பிழை எண் 203, எக்ஸெக்; அதாவது ஓட்டச் சொன்னதை ஓட்ட முடியவில்லை. கூடவே, அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற செய்தி. ஆனால் அந்த சர்வீஸைத் தொடங்கும் கட்டளைகள் எழுதிய கோப்பான ஷெல் ஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் சரியாக இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

ஸ்கிரிப்டின் முதல் வரியில், இதை பாஷ் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) வைத்து ஓட்டு என்று பாஷ் இருக்கும் பாதை எழுதியிருக்கும். அந்த வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதையும் பெயரின் பகுதியாகவே படிக்கிறது. அந்தப் பெயரில் பாஷ் எதுவும் இல்லாததால் இல்லை என்கிறது. கோப்பைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையோடு மைனஸ் ஏ (-A) சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த எழுத்து தெரிகிறது.

டைப்ரைட்டிங் தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். வரி முடிந்ததும் கேரேஜை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது ஒரு வேலை, தாளை ஒரு வரி ஏற்றுவது இன்னொரு வேலை. விண்டோஸ் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி போடும். லினக்ஸுக்கு இரண்டாவது குறி மட்டும் போதும், முதலாவது அங்கே வேண்டாத எழுத்து. புது பிரிண்டரைச் சேர்ப்பதற்காக ஒப்பந்தக்காரரின் ஆள் தன் விண்டோஸ் லேப்டாப்பில் ஸ்கிரிப்டைத் திருத்தி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அப்போது சர்வீஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் போய் வந்து மறுபடி தொடங்க வேண்டி வந்தபோதுதான் மாட்டிக்கொண்டது. அன்றைக்கே ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸ்கிரிப்டை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கோப்பில் உள்ளதைத் திருத்தும் செட் (sed) கட்டளையில் ஒரே வரி கொடுத்து அந்த எழுத்துகளை நீக்க வேண்டும். அப்புறம் சர்வீஸைத் தொடங்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. தங்கள் பொறியாளரே செய்யலாம். அதுவரை சர்வரைக் கண்டம் செய்யும் உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். இனி யார் ஸ்கிரிப்டைத் திருத்தினாலும், பொறுப்பாளர் முன்னிலையில் சர்வீஸை நிறுத்தித் தொடங்கிக் காட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இன்னொன்று. எனக்குத் திரையைக் காட்டியதற்காகப் பொறுப்பாளர் அம்மா மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் ஐயா. பிள்ளைகள் திரும்பிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

தங்கள் அனுமதி கிடைத்தால், சனி, ஞாயிறு எந்த நேரம் சொன்னாலும் நானே வருகிறேன். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: கொருக்குப்பேட்டை