செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், இப்பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் மிதிவண்டிச் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்வுகளை முதலில் கூறிவிடுகிறேன். நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது. ஜூன் 3, உலக மிதிவண்டி நாள், திங்கட்கிழமையாக அமைந்ததால் முதல்நாள் ஞாயிறன்றே உக்கடத்திலிருந்து பேரூர் வரை சென்று திரும்பினோம். சிறுவாணிச் சாலைப் பயணம் ஜூலை மழையால் கைவிடப்பட்டது. சுதந்திர நாளன்று கொடியேற்றி இனிப்பு வழங்கப்பட்டது. டிசம்பரில் மேட்டுப்பாளையம் பயணம் நடைபெற்றது.

இனி, சென்ற பொதுக்குழுவின் நான்காம் தீர்மானம் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. வெற்று ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் மட்டும் வாங்கி, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, உறுப்பினர்கள் தம் கையாலேயே நான்கு சைக்கிள்களைக் கட்டி முடிப்பது, அவற்றைச் சொந்தச் சைக்கிள் இல்லாத மாணவர்கள் எடுத்து ஓட்டும் பொதுச் சைக்கிள்களாக வைத்திருப்பது என்பதே அத்தீர்மானம். ஆண்டு முடிவில் இரண்டு சைக்கிள்கள் சாலையில் ஓடுகின்றன. மூன்றாவதற்குப் பின்சக்கரம் ஒன்றே பாக்கி. நான்காவது, நான் பின்னர் விளக்கும் காரணத்தால், வெறும் ஃபிரேமாகவே தொங்குகிறது. இதைத் தோல்வி என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் குறிப்பிட்டார். நடந்தது முழுவதையும் கேட்ட பிறகு உறுப்பினர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மூடவிருந்த பழைய கடையொன்றில் பரணில் கிடந்த நான்கு இரும்பு ஃபிரேம்கள் மே மாதம் நமக்குக் கிடைத்தன. சங்கத்துக்கென்று அறை இல்லாததால் என் வீட்டு முன்புறத் தாழ்வாரமே பட்டறையானது. ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் பத்து மணி வரை என்று நேரம் குறித்துச் சுற்றறிக்கை அனுப்பினேன். முதல் ஞாயிறன்று பதினொரு பேர் வந்தார்கள். அன்று செய்தது ஒரே வேலைதான். பின்சக்கரம் மாட்டும் வாயின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, ஃபிரேமின் முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க வாயில் இழுத்துக் கட்டினால், நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு ஃபிரேம்களுக்கும் அவ்வாறு நூல் பிடித்துப் பார்த்தோம். நான்கும் நேராகவே இருந்தன. வெறும் நூலும் அளவுகோலும் கொண்டு ஒரு ஃபிரேமின் கோணலைக் கண்டுபிடிக்கலாம் என்பதை அன்று நேரில் கண்ட உறுப்பினர்களின் முகங்கள் இன்னும் என் நினைவில் உள்ளன. அந்தப் பதினொருவரில் நால்வர் அதன்பின் ஒருமுறைகூட வரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

துரு பிடித்திருந்ததால் ஃபிரேம்களைப் பொடிச் சாயம் பூசும் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினோம். இங்கேதான் நான்காவது ஃபிரேமுக்கு வந்த இடையூறு தொடங்கியது. மிதிக்கும் அச்சுத் தொகுதி (பாட்டம் பிராக்கெட், சுருக்கமாக பி.பி.) உட்காரும் குழாயின் உட்புறம் மரை வெட்டப்பட்டிருக்கும். சாயம் பூசும்போது அந்த மரையை அடைப்பிட்டு மூடிவிட வேண்டும். மூடச் சொல்லாமல் விட்டது செயலாளரின் கவனக்குறைவு என்று செப்டம்பர் கூட்டத்தில் பேசப்பட்டது. வேலைச் சீட்டில் நான் எழுதியே கொடுத்தேன். அதன் நகல் கோப்பில் உள்ளது, விரும்புவோர் பார்க்கலாம். எழுதிக் கொடுத்தும் மூடாமலே பூசினார்கள். நான்கு ஃபிரேம்களின் மரைகளிலும் சாயம் கெட்டியாகப் படிந்திருந்தது.

இந்த மரை பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பி.எஸ்.ஏ என்றால் அம்பத்தூரில் தயாரான சைக்கிளே நினைவுக்கு வரும். ஆனால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கமே அது. அந்தப் பெயரிலேயே இன்றும் வழங்கும் பி.பி. மரைக்கு விட்டம் 1.370 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 புரி, குழாயின் அகலம் 68 மில்லிமீட்டர். இதில் செயின் இருக்கும் வலப்பக்கம் இடது மரை. அதாவது, வழக்கமான திசைக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்க அச்சின் பாரம் பேரிங்கைச் சுற்றி அழுத்தும்போது, அந்தப் பேரிங்கைத் தாங்கி மரையில் திருகப்பட்டிருக்கும் கப்பு, பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல மெல்ல நகரப் பார்க்கும். வலப்பக்கம் சாதாரண மரையாக இருந்தால் நாளடைவில் கழன்றுவிடும். இடது பெடலுக்கு இடது மரை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகவே.

மரையில் படிந்த சாயத்தை எடுக்க ஃபிரேம்களை லேத் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். மோட்டாரும் பம்பும் செய்யும் நம் கோவையில் மரை சுத்தம் செய்வது பெரிய காரியமா என்று நானும் நம்பியே போனேன். அங்கிருந்தவர் முதலில் எடுத்த ஃபிரேமின் வலப்பக்கத்தில் சாதாரண மரை வெட்டும் டேப் என்ற கருவியை விட்டு, அது போகாததால் நீண்ட கைப்பிடி போட்டுத் திருகிவிட்டார். இடது மரையின் மீது வலது மரை குறுக்காக வெட்டப்பட்டு, இரண்டும் இல்லாமல் போயிற்று. அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற மூன்று ஃபிரேம்களையும் உடனே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பழைய இரும்புக் கப்பு ஒன்றின் புரியில் அரத்தால் குறுக்கே மூன்று பள்ளம் வெட்டி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகக் கையாலேயே சுற்றினோம். சாயம் சுருள் சுருளாக அந்தப் பள்ளங்களில் வந்து நிறைந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறுதியில் புதிய கப்பில் கிரீஸ் தடவி விரலால் மட்டும் சுற்றியபோது அது நான்கு சுற்று தானாகவே உள்ளே போயிற்று. ஸ்பேனர் படுமுன் விரலாலேயே மூன்று சுற்றாவது போகாத கப்பை மேலும் திருகவே கூடாது என்பதை, நாம் இழந்த ஃபிரேமிலிருந்து அனைவரும் கற்றுக்கொண்டோம்.

ஃபோர்க்கு திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கின் கப்புகளை முன்குழாயில் அழுத்தி ஏற்றத் தனிக்கருவி வாங்காமல், இரும்புக் கடையில் ஒரு நீள மரைக்கம்பியும் தடித்த வாஷர்களும் இரண்டு நட்டும் வாங்கியே வேலையை முடித்தோம். சுத்தியால் தட்டி ஏற்றுவது எளிது என்று ஓர் உறுப்பினர் வற்புறுத்தினார். தட்டினால் கப்பு சாய்ந்து இறங்கி முன்குழாயின் வாயையே விரித்துவிடும் என்பதால் நான் இணங்கவில்லை. ஃபோர்க்குக் குழாயை அறுப்பதிலும் அதே பிடிவாதத்தைக் கடைப்பிடித்தேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகமான ஸ்டெம், அதில் பழையது ஒன்றைக் குழாயில் மாட்டி இறுக்கி, அதன் விளிம்பையே வழிகாட்டியாகக் கொண்டு ஆக்சா பிளேடால் நேராக அறுத்தோம். ஓட்டப்போகும் பிள்ளைகளின் உயரம் தெரியாததால் குழாயைத் தேவைக்கு மேல் நீளமாகவே விட்டு, இடையில் வளையங்கள் போட்டிருக்கிறோம். அறுத்ததை மீண்டும் ஒட்ட முடியாது. பார்வைக்கு நன்றாக இல்லை என்று குறை கூறியவர்கள் இக்காரணத்தைக் கருத வேண்டுகிறேன். ஸ்டெம் திருகுகளை அதில் பொறித்திருந்தபடி 5 நியூட்டன் மீட்டருக்கும், கிராங்க் திருகை 40 நியூட்டன் மீட்டருக்கும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் அளவு ஸ்பேனரால் இறுக்கினோம். அந்த ஸ்பேனர் எதற்கு என்று கணக்குத் தணிக்கையில் கேள்வி வந்ததாலேயே இதை இங்கு எழுதுகிறேன்.

சக்கரம் கட்டுவதுதான் இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பும், வெளிவளையமான ரிம்மும், 32 கம்பிகளும் மேசையின் மீது தனித்தனியே கிடக்கும்போது அவை சக்கரமாகும் என்று யாருக்கும் நம்பிக்கை வராது. ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தின் மூன்று கம்பிகளைக் கடந்து ரிம்மைச் சேர வேண்டும். மூன்றாவது கடப்பில் மட்டும் மேலும் கீழும் மாறிப் பின்ன வேண்டும். பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம்விட்டு ஹப்பின் வலப்பக்கம் உள்ளே தள்ளியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையாக இருக்கும், இழுவிசையும் அங்கே கூடுதலாக இருக்கும். கோட்டம் எடுக்கும்போது, அதாவது சக்கரத்தின் கோணலைச் சரிசெய்யும்போது, கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது. கம்பிகளை வீணைத் தந்திபோல் விரலால் மீட்டிப் பார்த்தால், ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. முதல் சைக்கிளின் பின்சக்கரத்தை நானும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் உறுப்பினரின் மகளும், இருவர் மட்டுமே இருந்து நான்கு ஞாயிறுகளில் கட்டினோம். முதன்முறை ஓட்டிவிட்டு வந்து மீண்டும் கோட்டம் எடுத்தோம். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே ஒரு தபால் அட்டையின் கனமே இடைவெளி. சுற்றிவிட்டால் எங்கும் உரசவில்லை. இரண்டாவது சைக்கிளின் இரு சக்கரங்களையும் அப்பெண் தனியாகவே கட்டினார். அவருக்கு இப்பொதுக்குழுவின் சார்பில் பாராட்டுத் தெரிவிக்கக் கோருகிறேன்.

இந்தப் பணத்துக்குக் கடையில் புதிய சைக்கிள்களே வாங்கியிருக்கலாம் என்ற கருத்து பலமுறை கூறப்பட்டது. அது உண்மைதான். ஆலைகள் பாகங்களை ஆயிரக்கணக்கில் வாங்கும் விலைக்கு நாம் ஒன்றிரண்டாக வாங்க முடியாது. தனித்தனியே வாங்கிக் கட்டும் சைக்கிள் எப்போதும் கூடுதல் செலவே பிடிக்கும். ஆயினும், கடையில் வாங்கிய சைக்கிள் வழியில் நின்றால் அதை ஓட்டியவர் தள்ளிக்கொண்டே வீடு வருவார். தன் கையால் கட்டியவருக்கு அந்த இடத்திலேயே எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரியும். இச்சங்கத்தில் இப்போது அப்படி ஏழு பேர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருவரும் இல்லை.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே அளிப்பார். சுருக்கமாகக் கூறினால், சைக்கிள் கட்டும் திட்டத்துக்குக் கருவிகளும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகியுள்ளது; இதில் கருவிகள் நிலையான சொத்து என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இரண்டு ரசீதுகள் இன்னும் வந்து சேராததால் கையிருப்பில் சிறு வேறுபாடு காணப்படலாம். ஒரு பகுதிச் செலவை என் கைப்பணத்திலிருந்து செய்திருக்கிறேன். அதை இப்போதே திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் சந்தா பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. உறுப்பினர் பதிவேட்டில் 62 பெயர்கள் உள்ளன. ஆண்டுச் சந்தா 600 ரூபாயை மார்ச் இறுதிக்குள் செலுத்தியோர் 23 பேர். மூன்று முறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். சிலர் வீட்டுக்கு நேரிலும் சென்றேன். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போரே கூட்டங்களில் செலவைப் பற்றி மிகுதியாகப் பேசினார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். மூன்றாவது சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஹப் வாங்க ஐந்து மாதம் தாமதமானதற்கு இதுவே முதற்காரணம். என் அசட்டை அன்று. மேலும், நவம்பரில் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட, கிராங்கைக் கழற்றும் கருவியான கிராங்க் புல்லர் இன்றுவரை திரும்பவில்லை. எடுத்தவர் பதிவேட்டில் கையொப்பமிடவில்லை. யார் என்று நான் கேட்கப்போவதில்லை. என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும், தணிக்கையாளருக்கும், பேரூர்ப் பயணத்தில் மோர் வழங்கிய குடும்பத்தாருக்கும், ஞாயிறுதோறும் தாழ்வாரத்தை விட்டுக்கொடுத்ததோடு வந்தவர்களுக்கெல்லாம் காப்பியும் கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே கூறுகிறேன். ஒரே ஒருவர் வீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பில் இந்த வேலை தொடர்வது முறையன்று. மகன் குடும்பத்துடன் ஊர் திரும்புவதால் ஆகஸ்டுக்குப் பின் என் தாழ்வாரம் கிடைக்காது. பீளமேடு, கணபதி பக்கத்து உறுப்பினர்கள் சிலருக்கு மூடிய முன்கூடமும் மின்விளக்கும் உள்ள வீடுகள் இருப்பதை நான் அறிவேன். அவர்களில் யாரேனும் முன்வந்தால் கருவிகளைப் பட்டியலுடன் அன்றே ஒப்படைப்பேன். செயலாளர் பொறுப்பையும் ஏற்க விரும்புவோர் இருந்தால், மரை கெட்ட ஃபிரேம் உட்பட அனைத்தையும் ஒப்படைக்கத் தயார். அந்த ஃபிரேமைத் தூக்கி எறிய வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். விட்டம் பெரிதான 36 மில்லிமீட்டர் இத்தாலிய மரையை அதில் புதிதாக வெட்டலாம். அதில் வலப்பக்கமும் சாதாரண மரையே ஆதலால் மிகவும் இறுக்கி வைக்க வேண்டியிருக்கும். அல்லது மரையே தேவைப்படாமல் குழாயின் உள்ளே விரிந்து பற்றிக்கொள்ளும் பி.பி. வாங்கலாம். என் பரிந்துரை இரண்டாவது.

மூன்றாவது சைக்கிளுக்கான ஹப் சென்ற வாரம் வந்துவிட்டது. கம்பிகளை எண்ணி, வலம் 16, இடம் 16 என்று தனித்தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சக்கரம் கட்டத் தொடங்குகிறோம். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்