200 வந்தால் போதுமா?

சர்வர் பக்க நிரலை எழுதும் எங்கள் பேக்எண்ட் டீம் நண்பர்களுக்கு,

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகராமல் நின்றபோது மனசுக்குள் எழுதிய மடல் இது. நம்மில் பாதிப் பேர் ஓசூர் தாண்டி வந்தவர்கள்தானே, அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ரிலீஸில் கஸ்டமர் கேர் திரையிலிருந்து ஒரு ஆர்டரை ரத்து செய்யப் போய், பக்கத்து ஆர்டர் ரத்தானது. "டெஸ்டிங்ல பாக்கலையா?" என்று என்னைக் கேட்டீர்கள். பார்க்கவில்லைதான். ஆனால் உங்கள் டெஸ்டுகளும் அன்று எல்லாம் பாஸ் என்று பச்சைப்பசேல் என்றுதான் இருந்தன.

ஆர்டரின் அடையாள எண்ணான ஐடி 9007199254740993 என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் அதைச் சரியாகவே அனுப்புகிறது. பிரவுசரில் ரெஸ்பான்ஸ் டேபைத் திறந்தால் 3-இல் முடிகிறது. அதையே பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் படித்ததும் 2-இல் முடிகிறது, அதாவது பக்கத்து ஆர்டர். இப்படி வரும் எண் எல்லாவற்றையும் அது 64 பிட் மிதவைப் புள்ளியாக, அதாவது ஓர் அளவு இலக்கங்களை மட்டுமே துல்லியமாகக் காக்கும் முறையில், வைப்பதால், 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டியதும் ஒற்றைப்படை எண்களுக்கு இடமே இல்லை. நம் டெஸ்டுகள் இருப்பதோ பைத்தானில். அது எவ்வளவு நீள முழு எண்ணையும் அப்படியே தாங்கும், அதனால்தான் பச்சை. இத்தனைக்கும் 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற தர ஆவணம், சர்வரும் பிரவுசரும் தகவல் பரிமாறும் உரை வடிவமான ஜேசானில் எந்த எல்லைக்குள் இருக்கும் முழு எண்ணை நம்பலாம் என்று சொல்லியே இருக்கிறது. ஐடியை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. மேற்கோள் குறிக்குள் ஸ்டிரிங்காக, அதாவது வெறும் எழுத்துச் சரமாக, அனுப்புங்கள், அது ஸ்டிரிங்தானா என்று டெஸ்டில் பாருங்கள்.

அப்புறம் அந்த 200. 'எல்லாம் சரி' என்று சர்வர் சொல்லும் ஸ்டேட்டஸ் கோட் 200, உள்ளே "பேமென்ட் தோல்வி" என்று ஒரு வரி. டெஸ்ட் பாஸ்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நாம் மூடியைப் பார்த்தே அடுப்பை அணைத்துவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிராக, ரெஸ்பான்ஸ் மொத்தத்தையும் ஒரே ஸ்டிரிங்காக ஒப்பிடும் டெஸ்டுகளும் இருக்கின்றன. கீகளின், அதாவது புலப் பெயர்களின், வரிசை மாறினாலே சிவப்பு, டெஸ்ட் ஃபெயில். வாடிக்கையாளர் பெயரில் இருக்கும் தமிழ் எழுத்து நேராக வராமல் அதன் எண்ணைச் சொல்லும் குறியீடான யூனிகோட் எஸ்கேப்பாக வந்தாலும் சிவப்பு. பார்ஸ் செய்து, அதாவது பிரித்துப் படித்து, பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். இப்படிச் சும்மா சும்மா சிவப்பு விழுந்துதான் "அது அப்படித்தான் வரும், ரீரன் பண்ணு" என்ற பழக்கம் வந்தது. எனக்கு எரிச்சல் அதில்தான்.

ஆர்டர், பேமென்ட் இரண்டுக்கும் எந்தப் புலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா எழுதி ரெப்போவில் போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு கீ கட்டாயம் என்று 'ரிக்வயர்டு' போட்டாலும் நல் (null, வெற்று) மதிப்பு தாராளமாக உள்ளே வரும், அதைத் தடுக்க மதிப்பின் வகையான டைப்பையும் சொல்ல வேண்டும். டெலிவரி தேதி null-ஆக வரலாமா, கீயே இல்லாமல் வரலாமா என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப் கூட்டத்துக்கு முன்னால் நிரப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஜன்னல் ஓர மேசை டெஸ்டர்