அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த வீடு?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் இப்போது தேவலையா? பிஸியோதெரபிக்கு வரும் பெண் அழ வைக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளை மட்டும் நிறுத்திவிடாதே. என் நாத்தனார் பாதியில் போதும் என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். உன் மகளுக்கு ஓசூரிலேயே மாற்றல் கிடைத்தது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. இவர் ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறைக்கு மேற்பார்வை அதிகாரியாக இருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அறுபதாம் கல்யாணத்தைக் கோயிலில் முடித்துக்கொண்டு, அப்படியே செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நாங்கள் மாசியில்தான் அங்கே போய் வந்தோம். தாராளமாகப் போகலாம். ஆனால் நீங்கள் இருவர் மட்டும் என்றால் வேண்டாம். பிள்ளை, மருமகள், சம்பந்தி, சித்தப்பா, சித்தி என்று கூட்டமாகப் போ.

நாங்கள் இருவராகத்தான் போனோம். கானாடுகாத்தானுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீடு. பெயர் இங்கே வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைப்புறம். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன; கடைசிக் கதவின் வெளிச்சம் தபால்தலை அளவுக்குத்தான் தெரிகிறது. தூணெல்லாம் பர்மாத் தேக்கு. முகப்பில் இத்தாலிப் பளிங்கு, உள்ளே ஆத்தங்குடிக் கல். சுவரைத் தொட்டால் கை வழுக்குகிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து இழைத்த பூச்சு. நான் போகிற வருகிறபோதெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் சுவரை ஒரு நாளாவது இப்படித் தொட்டிருக்கியா?" என்றார்.

அறைதான் சரியில்லை. வளவைச் சுற்றியிருந்த அறைகளில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்கியிருந்தார்கள், அதனால் ஓதம் வேறு. ஏசியைப் போட்டால் சத்தம், நிறுத்தினால் புழுக்கம். இவர் முதல் ராத்திரி தூங்கவே இல்லை. காலையில் அங்கே மேற்பார்வைக்கு இருந்த ஆச்சியிடம் புலம்பினேன். வீட்டுக்காரர்களுக்கு ஏதோ உறவு போல. அவர் சிரித்துவிட்டார். "அதுல யாரு படுத்தாக? கல்யாணமான மகன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு அறை. சீர் சாமானை வச்சுப் பூட்டத்தான். புதுசாக் கல்யாணமானவுகதான் உள்ள படுப்பாக. மத்த எல்லாரும் வளவுல, பட்டாலையில பாயை விரிச்சுப் படுக்கிறதுதான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த வீடு பிடிபட்டது. அது கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் ஊரைக் கூட்டி உட்கார வைக்கக் கட்டிய வீடு. அதில் இரண்டு பேர் போய், சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தனிமை வேண்டும் என்று படுத்தால் அது எப்படிச் சரிப்படும்? மறுநாள் பகல் முழுக்க வளவுத் திண்ணையிலேயே கிடந்தோம். நாலு பக்கக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருப்பதால் வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே காற்று இருந்தது. மழை பெய்தால் அந்தத் தண்ணீரையும் வீணாக்க மாட்டார்களாம். வறண்ட பூமி இல்லையா, தெருத் தண்ணீரைக்கூட வாய்க்கால் வைத்து ஊருணிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

எங்களோடு தங்கியிருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு புடவை மாற்றிப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு டிவி இல்லை, வைஃபை இல்லை என்று ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி அதற்கு நேர் எதிர். ஆத்தங்குடிக்குப் போய்க் கல் வார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து அந்த அம்மாள் எனக்கே பாடம் எடுத்தார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்கள், அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள், தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள், சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. நம் ஊர் விஷயத்தை அவர் சொல்லிக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

என் மனதில் நிற்கிறவர் மலேசியாக்காரர். தமிழர், எழுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதியவராம். முகப்பில் பழைய கணக்குப்பிள்ளை மேசை ஒன்று கிடந்தது, சாய்வாக, குள்ளமாக. அவர் கேட்டு அனுமதி வாங்கி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் ராத்திரி வரை பேச்சுதான். லேவாதேவிக்குப் போன ஆட்கள் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்களாம். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மாக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், கிடைத்த வழியில் ஓடி வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நிலத்தை அந்த நாட்டு அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் வழிகாட்டிப் பையனும் சொன்னான். ஆனால் அவன் சொன்னதில் முழுக்க ஆண்கள்தான். தேக்கு கொண்டுவந்தார், கண்ணாடி கொண்டுவந்தார். அந்த மூன்று வருஷமும் வீட்டை யார் நடத்தினார்களாம்? நெல் அளந்து, வேலையாட்களுக்குக் கூலி கொடுத்து, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி, இத்தனை கதவையும் பூட்டித் திறந்தது ஆச்சிகள்தானே. பெட்டக அறையில் இருந்த எவர்சில்வர், பீங்கான், பித்தளை எல்லாம் பெண்ணுக்கு வந்த சீர். நான் கேட்டதற்கு அவன், "ஆமா மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டான்.

இரண்டாம் கட்டில் ஒரு கதவில் பெரிய பூட்டு. பின்னால் என்ன என்று கேட்டால், அது வேறு பங்காளியின் பாகமாம். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பேர் பங்கு. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் கூரை ஓடுகளையாவது மாற்ற முடியும். முடியாத வீடுகள்தான் இடிந்து, தூணும் நிலையும் கழன்று, காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. அந்தக் கடைத் தெருவில் நடந்தபோது எனக்கு எதையும் வாங்க மனம் வரவில்லை. இவர் ஒரு பித்தளைத் தூக்கை விலை கேட்டார், நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் விடுதி ஆக்குவதைப் பற்றி முணுமுணுப்பவர்களோடு நான் சேர மாட்டேன். விளக்கேற்ற ஆள் இருக்கிறதே.

சாப்பாடு முதல் நாள் ஏமாற்றம். வெளிநாட்டுக்காரர்கள் இருப்பதால் காரத்தைக் குறைத்துவிட்டார்கள். வறுவல் என்று வந்ததில் மிளகு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஆச்சியிடம் தனியாகச் சொன்னதும் மறுநாள் இலை போட்டார்கள்: வெண்டைக்காய் மண்டி, நாட்டுக்கோழி, கடைசியில் கவுனி அரிசி. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்டினியும். பந்தியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்த அந்த ஒரு வேளைதான் அந்த வீடு வீடாக இருந்தது.

உனக்கு எது சரிப்படும் என்று யோசித்தேன். கானாடுகாத்தானில் 'விசாலம்' என்ற விடுதி இருக்கிறது. 1939-ல் ஒரு செட்டியார் மூத்த மகளுக்காகக் கட்டியது, அறைகள் விசாலமானவை, நீச்சல் குளம் உண்டு, செலவும் அதற்குத் தக்கபடி. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் 1910-ல் கட்டிய வீடு, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்தது. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். சமையல்தான் முக்கியம் என்றால் காரைக்குடியில் 'பங்களா' என்ற விடுதி. உன் மாமியாரும் வருவதால் எங்கே என்றாலும் முதலில் படியைப் பற்றிக் கேள். இந்த வீடுகள் எல்லாமே உயரமான மேடையில் நிற்கின்றன, உன் முழங்காலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கீழ்த்தள அறை, ஜன்னல் உள்ளது என்று எழுத்திலேயே வாங்கிக்கொள். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம்.

எழும்பூரில் மதியத்துக்கு மேல் பல்லவன் ரயிலைப் பிடித்தால் ராத்திரிக்குள் காரைக்குடி. மறுநாள் பிள்ளையார்பட்டி, அப்படியே வைரவன்பட்டி. உன் பக்கம் மொத்தம் எத்தனை பேர் என்று உடனே எழுது. ஆச்சியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. வீடு முழுவதையும் நமக்கே கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன். நாங்கள் இருவரும் வருவதாகவே கணக்கில் சேர்த்துக்கொள், அழைப்பிதழுக்குக் காத்திருக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் தோழி